தொண்டிற்கு ஒரு வாயில்தானா?

தொண்டு என்னும் சொல் நம் மாணவரிடையே மிகுதியாக வழங்குவது. மேடையில் வழங்குகிறது, ஆண்டு மலர்களின் முகவுரையில் வழங்குகிறது, மன்றத் தேர்தல் வந்துவிட்டால் துண்டறிக்கைதோறும் ஓயாது வழங்குகிறது. ஆயினும், “நீ எவ்வாறு தொண்டு செய்யப் போகிறாய்?” என்று ஒரு மாணவனைத் தனியே நிறுத்திக் கேட்டால் அவன் திகைத்துப்போகிறான். கிறிஸ்தவத் திருச்சபையிற் பிறந்து வளர்ந்த மாணவன் இன்னும் சற்று மிகுதியாகவே திகைக்கிறான். அவன் கண்முன் சபை திறந்து வைத்திருக்கும் வாயில்கள் இரண்டோ மூன்றோதாம். நாவன்மை உடையவன் பிரசங்கம் செய்யலாம். குரல் உடையவன் பாடகர் குழுவிற் சேரலாம். இரண்டும் அற்றவன் பண்டிகை நாளில் நாற்காலி தூக்கலாம். அசன விருந்தில் இலை போடலாம். அதற்குமேல் அவனுக்கு அங்கே என்ன வேலை?

நாற்காலி தூக்குவதும் இலை போடுவதும் இழிவு என்று கூறவரவில்லை. அவற்றைச் செய்ய மறுப்பவன் வேறு எதையும் செய்யத் தகுதியற்றவன் என்பதே நம் கருத்து. ஆனால் ஆறு நாளும் அரும்பாடுபட்டுக் கற்ற கல்வியை, ஏழாம் நாள் ஆலய வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்றால், அக்கல்வியாற் சபைக்கு என்ன பயன்? சபையால் அவனுக்குத்தான் என்ன பயன்? பொறியியல் பயில்வோனும், தாதியர் கல்வி பயில்வோளும், மொழியியல் மாணவரும், கணக்கியல் மாணவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட ஊழியராக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? இளைஞர் பலர் சபையை விட்டு மெல்ல ஒதுங்கிப் போவதற்கு அவநம்பிக்கைதான் காரணம் என்று பெரியோர் கூறுவர். அது முழு உண்மை அன்று. வேலையின்மையும் ஒரு காரணமே.

இவ்வினாவிற்கு விடை தேடுவோர் நம் கரையிலிருந்து கிழக்கே கடலைக் கடந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளை நோக்க வேண்டும். அங்கு நடந்தேறிய ஒரு வரலாறு தமிழரோடு நெருங்கிய தொடர்புடையது. எனினும் தமிழ் மாணவருள் அதனை அறிந்தார் மிகச் சிலரே.

1756-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டார் நிக்கோபார்த் தீவுகளுக்கு உரிமை கொண்டாடினர். அவர்களுடைய இந்தியத் தலைநிலையம் நம் தரங்கம்பாடி. 1760-இல் மொரேவிய சகோதரர் என்னும் ஜெர்மானியக் கிறிஸ்தவக் குழுவினர் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினர். அவர்கள் வந்ததன் முதல் நோக்கமே நிக்கோபாரிற் சமயப்பணி செய்வதாகும். 1768-இல் நான்கவுரித் தீவிற் கால் வைத்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடினர். காய்ச்சல் ஒருவர்பின் ஒருவராக அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1787-இல் எஞ்சியோர் திரும்பினர். அவர்கள் நட்டுவைத்தவை பெரும்பாலும் கல்லறைகளே.

அம்மக்கள் பக்தியிற் குறைந்தவர் அல்லர். தியாகத்திற் குறைந்தவரும் அல்லர். இன்று நாம் மேடையிற் பேசும் தியாகம் அவர்களுடைய தியாகத்தின் முன் தலைகாட்டாது. ஆயினும் அத்தீவில் அவர்களாற் வேரூன்ற இயலவில்லை. தியாகம் ஒன்றே தொண்டாகிவிடாது என்பதற்கு இது முதற் சான்று.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தன. டேனியர் தம் உரிமையை 1868-இல் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தனர். ஆங்கிலேயர் நான்கவுரியில் அமைத்த தண்டனைக் குடியிருப்பும் 1888-இல் மூடப்பட்டது. அதன் பின்னர், 1890களில், கார் நிக்கோபார்த் தீவின் வடகோடியில் உள்ள மூஸ் என்னும் ஊருக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். வேதப்பன் சாலமோன் என்பது அவர் பெயர். அவர் தமிழர், உபதேசியார், குருப்பட்டம் பெறாதவர். அரசாங்கத்தின் முகவராகவும் அவரே நியமிக்கப்பட்டிருந்தார்.

அவருடைய அன்றாட வேலை என்ன என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். தேங்காய் வாங்கவரும் வணிகரின் கப்பல்களைப் பதிவு செய்தார். உரிமச் சீட்டின்றி வணிகம் நடவாதபடி பார்த்தார். சாராயமும் துப்பாக்கியும் களவாக வந்திறங்காதபடி காவல் செய்தார். ஊராரின் சிறு வழக்குகளைத் தீர்க்க உதவினார். சிறுவர் சிலரைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்நாட்குறிப்பின் பகுதிகள் 1902-இல் இலண்டன் மானிடவியற் கழகத்தின் இதழில் அச்சேறின. கார் நிக்கோபார் மக்களின் வாழ்க்கையை ஆராய்வோர் இன்றும் அதனைப் புரட்டுகின்றனர்.

இவற்றுள் எது சமயப்பணி, எது அரசுப்பணி? எது தொண்டு, எது பிழைப்பு? பிரித்துக் காட்ட முடியுமா? ஏமாற்று வணிகனின் எடைக்கல்லுக்கும் சாராயப் பீப்பாய்க்கும் இடையே ஓர் ஊரைக் காத்து நிற்பது பிரசங்கத்தினும் தாழ்ந்த ஊழியமா? சாலமோன் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். அவ்வூருக்கு வேண்டிய வேலையைச் செய்தார். அவ்விரண்டும் சந்தித்த இடமே அவருடைய வழியாயிற்று.

அவருடைய பள்ளியிற் படித்த நிக்கோபாரிச் சிறுவருள் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். 1884-ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். பிள்ளையின் அறிவைக் கண்ட சாலமோன் அவரைப் பர்மாவிலுள்ள மாந்தளைக்கு மேற்படிப்பிற்கு அனுப்பிவைத்தார். அவர் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டு தங்கியிருக்கலாம். கற்றவர் பலர் செய்வது அதுவே. ரிச்சர்ட்சனோ 1912-இல் ஊருக்குத் திரும்பினார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் தொடங்கினார். குருப்பட்டம் பெற்றது 1930களிலேதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பட்டமற்ற தொண்டராகவே இருந்தார் என்பதை மறத்தலாகாது. 1950-இல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். 1952-இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினரானார். 1966-இல் இத்தீவுகளுக்கெனத் தனி அத்தியட்சாதீனம் அமைந்தபோது அதன் முதல் அத்தியட்சரும் அவரே. 1978-இல் மறைந்தார். இன்று கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதவிகளை அடுக்கிக் காட்டுவது நம் நோக்கம் அன்று. பதவிகளுக்கு இடையே அவர் செய்த வேலையே நம் நோக்கத்திற்கு உரியது. நிக்கோபாரி மொழிக்கு அச்சுநூல் என்பதே அரிதாயிருந்த காலத்தில், அம்மொழியில் வேதாகமத்தைப் பெயர்ப்பதில் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். முழு வேதாகமம் 1969-இல் வெளிவந்தது. ஜப்பானியர் அத்தீவுகளை ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான கொடுங்காலத்தில், ஒற்றர் என்னும் பொய்க்குற்றம் சாட்டப்பட்டு நிக்கோபாரியர் பலர் கொல்லப்பட்டனர். அத்துயரிலும் அவர் தம் மக்களை விட்டு நீங்கவில்லை. தீவில் பந்தாட்டத்தைப் பரப்பியவரும் அவரே என்று சொல்வர். வேதாகமப் பெயர்ப்பும் பந்தாட்டமும் ஒருவருடைய ஊழியத்தில் அருகருகே இடம்பெறக் கூடும் என்பதை நம் சபைப் பெரியோர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மொரேவியர் செய்ய மாட்டாததைச் சாலமோனும் ரிச்சர்ட்சனும் செய்தது யாங்ஙனம்? காலம் மாறியிருந்தது, மருந்து வந்திருந்தது, கப்பற் போக்குவரத்து வளர்ந்திருந்தது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேறு மூன்று காரணங்களும் உண்டு. ஒன்று, ஊருக்கு எது குறை என்பதை அவர்கள் ஊராரிடமே கண்டறிந்தனர். இரண்டு, ஊரார் மொழியிற் பேசினர். அவர்களோடு நெடுங்காலம் இருந்தனர். மூன்று, எல்லாவற்றினும் பெரியது: சாலமோன் தமக்குப்பின் இன்னொரு தமிழரைத் தேடவில்லை, அம்மண்ணின் மைந்தனையே உருவாக்கினார். தன்னை இன்றியமையாதவன் ஆக்கிக்கொள்பவன் தலைவன் ஆகலாம். தன்னை இன்றியும் நடக்கும்படி செய்பவனே தொண்டன்.

இங்கு ஒரு தடையை எழுப்புவோர் உளர். “அவரவர் தத்தம் வழியைத் தேடிக்கொள்க என்றால், சபை ஒழுங்கு என்னாவது? ஒவ்வொருவனும் தன் மனம்போன போக்கைத் தேவ அழைப்பு என்று கூறிக்கொண்டு புறப்பட மாட்டானா?” என்பர். இத்தடை வலிமையுடையது, எள்ளி ஒதுக்கத் தக்கது அன்று. இதற்கும் அத்தீவுகளே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றன.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஜான் ஆலன் சாவ் என்னும் அமெரிக்க இளைஞர், வெளியாருடன் தொடர்பை விரும்பாத மக்கள் வாழும் வடக்குச் சென்டினல் தீவிற்குச் சமயம் பரப்பச் சென்று அங்கேயே உயிரிழந்தார். அத்தீவை அணுகுவது 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்கீழ்த் தடைசெய்யப்பட்டது. வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் அற்ற அம்மக்களுக்கு ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலும் கூற்றுவனாகலாம். அவரைப் படகில் ஏற்றிச் சென்ற மீனவர்கள் கைதாயினர். அவ்விளைஞரின் துணிவை யாரும் ஐயுறவில்லை. ஆனால் அவர் தேடிய வழியில், யாருக்குத் தொண்டு செய்யச் சென்றாரோ அவர்களுடைய விருப்பத்திற்கு இடமில்லை. அவர்களுடைய உயிருக்கும் காவல் இல்லை. சாவுக்கு அஞ்சாமை வேறு. பிறர் சாவுக்கு அஞ்சாமை வேறு.

ஆகவே, தன் வழி என்பது தன்விருப்பம் அன்று. தொண்டின் வழிக்குக் கரைகள் இரண்டு. ஒரு கரை தொண்டனின் திறம். மறுகரை பெறுவோரின் தேவை. ஒரு கரை மட்டும் உடையது ஆறு ஆகாது, வெள்ளமே ஆகும்.

பெறுவோரின் தேவையை அறியாத உதவி எவ்வாறு முடியும் என்பதை 2004 டிசம்பர் 26-ஆம் நாளுக்குப் பின் நாடே கண்டது. கிறிஸ்து பிறப்புப் பண்டிகையின் மறுநாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தது. வீடுகளும் ஆலயங்களும் தென்னந்தோப்புகளும் போயின. உதவி வெள்ளமாய் வந்தது. ஆனால் அங்கு குடும்பம் என்றால் நம்மைப் போன்று தாய், தந்தை, மக்கள் மட்டும் அன்று. துஹெட் என்னும் பெருங்கூட்டுக் குடும்பமே நிலத்திற்கும் தோப்பிற்கும் உரியது. இழப்பீடும் வீடும் சிறு குடும்பக் கணக்கிற் பங்கிடப்பட்டபோது, அலை பிரிக்காத உறவுகளைப் பணம் பிரிக்கத் தொடங்கிற்று. வெயிலிற் கொதிக்கும் தகரக் கொட்டகைகளில் அம்மக்கள் பல ஆண்டுகள் காத்திருந்தனர். கொடுத்தோர் கெட்டவர் அல்லர். கேளாமற் கொடுத்தனர், அதுவே குறை.

தன் வழி தேடுவதற்குக் கடல் கடக்கத்தான் வேண்டுமோ எனின், வேண்டியதில்லை. வெள்ளாளன்விளையிற் பிறந்த அசரியா கல்லூரியிலிருந்து பட்டம் பெறாமலே வெளியேறியவர். 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்னின்றார். தெலுங்கு நாட்டு ஏழையரிடையே பணிசெய்யப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். மருத்துவர் சவரிராயன் ஏசுதாசன், ஸ்காத்லாந்து மருத்துவர் பாரெஸ்டர் பேட்டனுடன் சேர்ந்து 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார். எளிய வாழ்வு, நோயாளருக்கு மருத்துவம், திராவிடக் கட்டடக் கலையில் எழுந்த ஆலயம் என்று அவர்கள் வகுத்துக்கொண்ட வழி முன்னோர் எவரும் காட்டிக்கொடுத்தது அன்று. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்பின் கீழ்ச் செயலிழந்தார். அத்துடன் தொண்டு முடிந்தது என்று யார்தாம் நினைத்திருக்க மாட்டார்? அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமை தாங்கி வளர்த்தார். நடக்க இயலாமை அவருக்குத் தடையாகவில்லை, வழியாயிற்று.

இவ்வளவும் கூறியபின் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. கடல் கடந்து தொண்டு செய்த தமிழ்த் திருச்சபை, அடுத்த தெருவைக் கடக்கத் தயங்கியதும் உண்டு. ஆலயத்தில் தனி வரிசை, கல்லறைத் தோட்டத்தில் தனிச் சுவர் என்று சாதி குடிகொண்ட சபைகளை நம் நாடு கண்டிருக்கிறது. இதனை எடுத்துரைத்தாற் சபையின் மானம் போகும் என்பர் சிலர். சாதி இருப்பதால் போகாத மானம் அதனைச் சொல்வதாலா போய்விடும்? அச்சுவரை இடிக்கக் கேட்பதும் சபைத் தொண்டே. அதற்கு நாவன்மை வேண்டா; முதுகெலும்பு வேண்டும். பெண்கள் சபைக் கூட்டத்திற் பேசுவதற்கும், கணக்குப் பார்ப்பதற்கும் இடம் கேட்பது அவ்வாறே.

இனி, நாம் செய்யக் கூடியவை எவை? அந்தமான் தலைநகராகிய போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. அங்கு தமிழர், தெலுங்கர், மலையாளிகள், வங்காளியர், ராஞ்சி மக்கள், நிக்கோபாரியர் ஆகியோர் அருகருகே வாழ்கின்றனர். 1925-இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் கிறிஸ்தவர்கள் மாயாபந்தரை அடுத்த வெபியில் தம் மொழியையும் ஆலயத்தையும் காத்து வருகின்றனர். இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்திற்கு வந்து குடியேறினர். இவ்வாறான ஊரில் ஞாயிறுதோறும் தன் மொழியாரோடு மட்டும் பாடிவிட்டுக் கலைவது எளிது. கார் நிக்கோபாரிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கடந்து தலைநகர் மருத்துவமனைக்கு வரும் முதியவர், மருத்துவர் சொல்வது விளங்காமல் விழிக்கும்போது அருகே நின்று விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால் அது எவ்வளவு பெரிய ஊழியம்!

அவ்வாறே நம் ஊர்களிலும் வேலை குவிந்து கிடக்கிறது. மொழி பயில்வோர், பேசுவோர் குறைந்துவரும் மொழிகளின் சொற்களையும் கதைகளையும் உரியவரின் இசைவோடு பதிவு செய்யலாம். நிக்கோபாரியர் தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 27,000 மட்டுமே என்பதை எண்ணுக. கணக்குப் பயில்வோர் சபைக் கணக்கை எவரும் படித்து விளங்கிக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்கலாம். சண்டைகள் பாதி குறையும். சட்டம் பயில்வோர், கைம்பெண் ஒருத்தியின் ஓய்வூதிய மனுவை எழுதித் தரலாம். பொறியியல் பயில்வோர், ஆலயக் கூரைமேல் விழும் மழைநீரைத் தொட்டியிற் சேர்க்க வழி சொல்லலாம். படிப்பிற் சிறந்தோர், பத்தாம் வகுப்பிற் தவறிய பிள்ளைகளை ஆலயத் திண்ணையில் அமர்த்தி மாலைதோறும் பாடம் சொல்லலாம். ஒன்றும் தெரியாதென்பார், விடுதியிற் காய்ச்சலாய்ப் படுத்திருக்கும் முதலாண்டு மாணவனுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுக்கலாம். அவன் எந்தச் சமயத்தான் என்று கேட்க வேண்டியதில்லை.

சபைப் பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள். “எங்கள் வாலிபர் எங்கே?” என்று கேட்பதற்கு முன், “அவர்களுக்கு என்ன தெரியும்?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சாலமோன் ஒரு சிறுவனை மாந்தளைக்கு அனுப்பியபோது, அவன் அத்தியட்சராவான் என்று அறிந்து அனுப்பவில்லை. அவனிடம் ஏதோ உண்டு என்று அறிந்து அனுப்பினார். இளைஞர்பால் பெரியோர் வைக்க வேண்டிய நம்பிக்கை அவ்வளவே.

வேறு சமயத்தைச் சார்ந்த நம் தோழர்களும், சமயமே வேண்டா என்போரும் இதனைப் படிப்பர். திருச்சபையை வைத்துச் சொன்னவை அவர்களுடைய கோயிலுக்கும், பள்ளிவாசலுக்கும், படிப்பகத்திற்கும், ஏன், நம் தமிழ் மன்றத்திற்குமே பொருந்தும். எந்தக் கூட்டத்திலும் மேடையில் நிற்போர் சிலர். மேடைக்குக் கீழே கைகட்டி நிற்போர் பலர். அக்கைகளை அவிழ்ப்பதே நம் காலத்தின் கடமை.

தோழர்களே, தொண்டு ஒரே வாயில் உடைய வீடு அன்று. நாற்புறமும் திறந்த திண்ணை அது. ஊரார் எங்கே அமர்ந்திருக்கின்றனர் என்று முதலிற் பாருங்கள். அவர்கள் பேச்சைக் கேளுங்கள். உங்கள் கைக்குத் தெரிந்த வேலையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக ஏறுங்கள். அழைப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டா. குறை கண்ணிற் பட்ட பொழுதே அழைப்பு வந்துவிட்டது.